ஒரு சதுர அடி மண்ணுக்கு ஒரு பட்டம் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அவருடைய மைத்துனர் பிறந்தநாள் பரிசாக இணையத்தில் பணம் கட்டி, ஸ்காட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கூடவே தங்க ஓரம் போட்ட ஒரு சான்றிதழ்: இன்று முதல் நீங்கள் 'லேர்ட்'. இதை வங்கிக் கணக்கிலும் பாஸ்போர்ட்டிலும் போட்டுக்கொள்ளலாமா? ஸ்காட்லாந்தில் நிலம் வாங்கினால் பட்டமும் சேர்ந்து வருமா? என்றாவது அந்தப் பக்கம் போனால் 'தன்' நிலத்தில் போய் நிற்க முடியுமா? ஆக மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்கு, முடியாது. இரண்டாவதற்கு, ஒரு காலத்தில் வந்தது. மூன்றாவதற்கு, தாராளமாக நிற்கலாம். ஆனால் அதற்கும் அந்தச் சான்றிதழுக்கும் சம்பந்தமில்லை. நீளமான பதில் வேண்டாதவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் எடின்பரோவில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் 17 ஆண்டுகளாகச் சொத்துப் பத்திரங்களோடு மாரடிப்பவன். வீடு விற்பது, வாங்குவது, எல்லைத் தகராறு, வாரிசுக்கு மாற்றுவது எல்லாம் கைப்பழக்கம். இடையிடையே பழைய எஸ்டேட்டுகளின் பத்திரப்பெட்டிகளும் மேசைக்கு வரும். நிலச் சட்டம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். குலமுத்திரை, பிரபுப் பட்டங்கள் எல்லாம் பத்திரத்தை உரசுகிற அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம். வரி பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

முதலில் அந்தச் சொல். லேர்ட் என்பது லார்ட் என்பதன் ஸ்காட்ஸ் மொழி வடிவம். இரண்டுக்கும் வேர் பழைய ஆங்கிலத்தில் 'ரொட்டி காப்பவன்' என்ற பொருள் தரும் ஒரு சொல். நம்மூரில் 'படியளக்கிறவர்' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். ஒரு வேர்தான் என்றாலும் கிளைகள் வேறு. லார்ட் என்பது அரசர் கொடுப்பது. லேர்ட் என்று எந்த அரசரும் யாருக்கும் கொடுத்ததில்லை. எஸ்டேட்டில் குடியிருந்து பாடுபட்டவர்கள் அந்த நிலத்துக்காரரை அப்படி அழைத்தார்கள். அவரும் அதை ஏற்றுக்கொண்டார். நம்மூர்ப் பண்ணையார் மாதிரி. பண்ணையார் என்று அரசாணை வராது. பண்ணை இருந்தால் ஊரே சொல்லும், பண்ணை போனால் ஊரே நிறுத்தும். ஸ்காட்லாந்தில் குலமுத்திரைகளுக்கு அதிகாரியாக இருக்கும் லார்ட் லயன் அலுவலகத்தின் நிலைப்பாடும் இதுதான்: லேர்ட் என்பது பட்டமல்ல, ஒரு வருணனை, சாதாரண வீட்டுக்காரருக்கே அது பொருந்தாது, நினைவுப்பரிசுத் துண்டுக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். சொந்த நிலம் கொஞ்சம் வைத்துக்கொண்டு, அதைத் தானே உழுது, கூலிக்காரர்கள் போடுகிற அதே தட்டைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்தவரை 'பானெட் லேர்ட்' என்று கேலியும் மரியாதையும் கலந்து சொன்னார்கள். பானெட் என்பது அந்தத் தொப்பி.

ஏன் ஒருவரை நிலத்தின் பெயரால் அழைக்க வேண்டும்? மேட்டுநிலத்து ஊர்களில் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே குலப்பெயராக இருக்கும். நாற்பது கேமரன்கள் இருக்கும் இடத்தில் 'கேமரன்' என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்? எனவே கேமரன் குலத் தலைவர் வெறுமனே 'லொக்கீல்'. நிலமும் குலமும் ஒரே பெயராக இருந்தால் 'மான்கிரீஃப் ஆஃப் தட் இல்க்' என்று எழுதுவார்கள். இல்க் என்றால் 'அதே' என்று பொருள், அதாவது மான்கிரீஃப் ஊர் மான்கிரீஃப். நிலத்துக்கு வாரிசானவர், அப்பா இருக்கும்வரை, பெயருக்குப் பின்னால் 'யங்கர்' என்று போட்டுக்கொள்வார். சின்னவர் என்று நாம் சொல்வதுபோலத்தான், ஆனால் எழுத்தில்.

இந்த வழக்கத்தில் வெளியூர்க்காரர்களைத் தடுமாற வைக்கிற ஒரு வளைவு உண்டு. 18-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல்லின் அப்பா, 'லார்ட் ஆகின்லெக்'. இவர்கள் பிரபுக் குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவோம். இல்லை. அப்பா எடின்பரோவில் உச்ச நீதிமன்ற நீதிபதி. ஸ்காட்லாந்தில் அந்த நீதிபதிகளுக்குப் பதவியோடு 'லார்ட்' என்ற மரியாதைப் பெயர் வரும். தங்கள் எஸ்டேட்டின் பெயரை அதில் ஒட்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. தத்துவம் எழுதிய லார்ட் கேம்ஸ், மனிதனுக்கும் குரங்குக்கும் உறவு உண்டென்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளான லார்ட் மான்போடோ எல்லாரும் இப்படித்தான். அப்பா 1782-இல் இறந்தபோது எஸ்டேட் மகனுக்கு வந்தது, லார்ட் வரவில்லை. அவர் பாஸ்வெல் ஆஃப் ஆகின்லெக். அந்த ஊருக்கு லேர்ட். ஒரே நிலம், ஒரே பெயர், ஆனால் ஒன்று பதவியால் வந்தது, மற்றது மண்ணால் வந்தது.

இனி மண்ணுக்கு வருவோம். 2004 வரை ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலம் ஒரு படிவரிசையில் இருந்தது. உச்சியில் அரசர், அவரிடம் நிலம் பெற்றவர் அதைக் கீழே இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் அதற்கும் கீழே. மேலே இருப்பவர் 'சுப்பீரியர்', கீழே இருப்பவர் 'வாஸல்'. கீழே உள்ளவர் ஆண்டுக்கு ஆண்டு ஒரு தொகை கட்ட வேண்டும், 'ஃப்யூ ட்யூட்டி' என்று பெயர். விற்றாலும் வாங்கினாலும் படி உடையாது. உங்கள் பெயர் மட்டும் அந்தப் படியில் மாறும். குத்தகை என்று இதை நினைத்துவிட வேண்டாம். கீழே இருப்பவரும் உரிமையாளர்தான், விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஒரே மண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல உரிமையாளர்கள் என்பதுதான் இதன் சூட்சுமம்.

நிலம் கைமாறியதை எப்படி உறுதி செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. எழுத்து போதாது. விற்பவரின் ஆள், வாங்குபவரின் ஆள், ஒரு நோட்டரி, சாட்சிகள் எல்லாரும் அந்த நிலத்துக்கே நடந்து போக வேண்டும். அங்கே குனிந்து ஒரு பிடி மண்ணையும் ஒரு கல்லையும் எடுத்து வாங்குபவர் தரப்பின் கையில் வைப்பார்கள். மாவு ஆலையாக இருந்தால் ஆலையின் தட்டுக்கட்டையும் தானியம் கொட்டும் புனலும். மீன்பிடி உரிமையாக இருந்தால் வலையும் படகும். அந்த நொடியில்தான் நிலம் கைமாறுகிறது. நோட்டரி அதை எழுதி வைப்பார். இதற்கு 'சேசின்' என்று பெயர். 1617-இல் இந்தச் சேசின்களுக்குப் பொதுப் பதிவேடு வந்தது. உலகத்தின் பழைய நிலப்பதிவேடுகளில் அதுவும் ஒன்று. நிலத்துக்கே போய் நிற்க வேண்டியதில்லை என்ற சட்டம் 1845-இல்தான் வந்தது. பழைய ஆவணங்களில் 'மண்ணும் கல்லும் கொடுக்கப்பட்டன' என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம், நவம்பர் மழையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும் அந்த நோட்டரியை நினைத்துக்கொள்வேன்.

மேலே கட்ட வேண்டியது எப்போதும் பணமாக இருந்ததில்லை. சிலருக்குப் பேருக்கு ஒன்று, அதுவும் 'கேட்டால் மட்டும்'. ஃபவுலிஸ் என்ற இடத்து மன்ரோ குலத் தலைவர், நடுக்கோடையிலும் அரசர் கேட்டால் ஒரு பனிக்கட்டி உருண்டை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையில் நிலம் வைத்திருந்தார் என்று சொல்வார்கள். இது பரம்பரைக் கதை. பத்திரத்தின் உறுதி அதற்கு இல்லை. ஆனால் பக்கத்தில் பென் விவிஸ் மலை இருக்கிறது, அதன் வடக்குச் சரிவில் பனி வெகுநாள் தங்கும், ஆகவே கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் முடியும். நகரத்து வீடுகளின் பத்திரங்களில் கவிதை குறைவு. மெழுகுவத்தி காய்ச்சக் கூடாது, சோப்பு தயாரிக்கக் கூடாது, தோல் பதனிடக் கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டு நிபந்தனைகள் வரிசையாக வரும். மாடிக் குடியிருப்பில் இரண்டு அறை வைத்திருந்தவர்கூட ஜன்னலைப் பெரிதாக்கப் பெயர் தெரியாத சுப்பீரியர் ஒருவரிடம் அனுமதி கேட்டுக் காசு கட்டியது உண்டு. இதே காரணத்தால், வருமானத்துக்காகவே சுப்பீரியர் உரிமைகளை மொத்தமாக வாங்கிப் போட்டவர்களும் இருந்தார்கள்.

இப்போது பட்டம். இந்தப் படிவரிசையில் சில நிலங்களை மட்டும் அரசர் 'பாரனி' என்று அறிவித்துக் கொடுத்தார். அதை வைத்திருப்பவர் பாரன். (அவர்கள் உச்சரிப்பில் அது 'பேரன்'; தமிழில் அப்படி எழுதினால் ஆள் மாறிவிடுகிறார், ஆகவே பாரன் என்றே வைத்துக்கொள்கிறேன்.) இங்கிலாந்தில் பாரன் என்றால் பிரபுக்கள் வரிசையின் கடைசிப் படி. ஸ்காட்லாந்தில் அந்தக் கடைசிப் படிக்கு 'லார்ட் ஆஃப் பார்லிமெண்ட்' என்று பெயர். பாரன் பிரபுவே அல்ல, தன் நிலத்தில் நீதிமன்றம் நடத்தும் உரிமை பெற்ற நிலக்காரர். அந்த நீதிமன்றத்துக்கு 'குழியும் தூக்குமரமும்' என்று அடையாளம்: ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்கு மூழ்கடிப்பு. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக எழுந்த ஜேக்கபைட் எழுச்சி 1746-இல் கலோடன் போரில் நொறுங்கியது; அடுத்த ஆண்டே லண்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இந்தப் பரம்பரை நீதி அதிகாரங்களைப் பிடுங்கியது. பாரன்களுக்குச் சில்லறை அபராதம் போடுகிற அதிகாரம் மட்டும் மிஞ்சியது. கேலோஹில் (தூக்குமர மேடு), கோர்ட்ஹில் (நீதிமன்ற மேடு) என்று இன்றும் ஊருக்கு ஊர் மேடுகள் இருக்கின்றன. பெயரைக் கேட்டே புரிந்துகொள்ளலாம்.

முக்கியமான இடம் இதுதான்: பாரன் என்ற தகுதி ஆளோடு ஒட்டவில்லை, நிலத்தோடு ஒட்டியிருந்தது. பாரனியாக அறிவிக்கப்பட்ட நிலத்தை, குறிப்பாக அதன் தலைமை இடத்தை, யார் வாங்குகிறாரோ அவர் பாரன். நேற்றுவரை சர்க்கரை வியாபாரியாக இருந்தாலும் சரி. உங்கள் இரண்டாவது கேள்விக்கு 'ஒரு காலத்தில் வந்தது' என்று நான் சொன்னது இதை வைத்துத்தான். பட்டத்தை விற்பதே தெரிந்துபோன பிறகு, எஸ்டேட் முழுவதையும் வைத்துக்கொண்டு தலைமை இடத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் பாரனியோடு சேர்த்து விற்கும் வியாபாரம் 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சூடு பிடித்தது. பல பத்தாயிரம் பவுண்டுகள் கைமாறின.

பார்க்காத நிலத்துக்குப் பணம் கட்டிப் பட்டம் வாங்குவது இணையம் கொண்டுவந்த கலாச்சாரம் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைச் செய்து காட்டியது ஒரு அரசர். 1625-இல் முதலாம் சார்ல்ஸ், கனடாக் கரையில் நோவா ஸ்கோஷியா என்ற குடியேற்றத்துக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 3000 மெர்க் (அன்றைய ஸ்காட்டிஷ் நாணயம்) கட்டுங்கள், அங்கே ஒரு பெரிய நிலப்பரப்பும் இங்கே 'பாரனெட்' என்ற பரம்பரைப் பட்டமும் என்று திட்டம் போட்டார்கள். அதில் 1000 குடியேற்றத்தின் தலைவர் சர் வில்லியம் அலெக்சாண்டருக்கு. மீதி குடியேறிகளை அனுப்பிப் பராமரிப்பதற்கு. ஒரு சிக்கல்: சேசின் வேண்டுமே! மண்ணையும் கல்லையும் வாங்க அட்லாண்டிக் கடலைத் தாண்டி யார் போவது? எடின்பரோ கோட்டைக்கு முன்னால் உள்ள மேட்டின் ஒரு பகுதியை நோவா ஸ்கோஷியாவின் மண்ணாகவே கருதுவது என்று தீர்த்துவிட்டார்கள். கனவான்கள் கோட்டை மேட்டில் நின்று ஒரு பிடி மண்ணை வாங்கிக்கொண்டு, கனடாவில் நிலக்காரர்களாக வீட்டுக்குப் போனார்கள். 100 பேருக்கு மேல் இப்படிப் பட்டம் பெற்றார்கள். 1632-இல் அந்தப் பகுதி ஒப்பந்தப்படி பிரான்சுக்குத் திரும்பப் போய்விட்டது. நிலம் போனது, பட்டம் போகவில்லை. அந்தப் பாரனெட்களின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். கோட்டை வாசலருகே இதைச் சொல்லும் ஒரு பலகை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கோட்டையைப் படம் எடுப்பார்கள்.

படிவரிசை முழுவதையும் ஒழிக்கும் சட்டத்தை ஸ்காட்லாந்தின் புதிய நாடாளுமன்றம் 2000-இல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2004 நவம்பர் 28, குத்தகைக் கணக்கு முடிக்கும் மார்ட்டின்மஸ் நாள். அன்று காலையோடு சுப்பீரியர்கள் எல்லாம் மறைந்தார்கள். கீழ்ப்படியில் இருந்தவர் முழு உரிமையாளர் ஆனார். அதே சட்டம் பாரனிக்கு ஒரு அறுவை சிகிச்சையும் செய்தது: பாரன் என்ற தகுதி தொடரும், ஆனால் நிலத்தோடு இருந்த தொப்புள்கொடி வெட்டப்படும். இன்று பாரனியை வாங்கினால் நிலம் வராது. அந்த நிலத்தையே முழுசாக வாங்கினாலும் பாரனி வராது. அரசின் நிலப்பதிவேட்டில் பாரனிக்கு இடமில்லை; தனியார் நடத்தும் ஒரு பதிவேடு மட்டும் உண்டு. அதனால், எவராவது உங்களிடம் பாரனி விற்க வந்தால், விற்பவருக்கு அது உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்பதை 2004-க்கு முந்தைய பத்திரங்களிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக ஒருவர் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குக் கூலி அதிகம். இருந்தும் செய்யாமல் வாங்காதீர்கள்.

அப்படியானால் டியூக், ஏர்ல் என்பவர்களின் பட்டமும் எஸ்டேட்டோடு போகுமா என்று அடுத்த சந்தேகம் வரும். போகாது. அவை அரசர் கொடுத்த பட்டயத்தில் எழுதிய வாரிசு விதிப்படி போகும்; நிலம் தன் வழியில் போகும். இதற்கு என் மனதில் நிற்கும் உதாரணம் சதர்லேண்ட். 19-ஆம் நூற்றாண்டில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் வைத்திருந்த குடும்பம். ஆட்டுப்பண்ணைகளுக்காக உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடியானவர்களை வெளியேற்றிக் கடற்கரைக்குத் தள்ளியதற்காக இன்றும் வசவு வாங்கும் குடும்பமும் அதுதான். 1963-இல் ஐந்தாவது டியூக் பிள்ளையில்லாமல் இறந்தார். டியூக் பட்டம் ஆண்வழி மட்டும் போகும் என்பதால் தூரத்து உறவினர் ஒருவரைத் தேடிக்கொண்டு போனது. அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய ஏர்ல் பட்டம் பெண்வழியும் போகும் என்பதால் தம்பி மகளான எலிசபெத்துக்கு வந்து, அவர் சதர்லேண்ட் கவுண்டஸ் ஆனார். சதர்லேண்டில் உள்ள குடும்பக் கோட்டையான டன்ராபினும் அவர் பக்கம். இன்று சதர்லேண்ட் டியூக்குக்குச் சதர்லேண்ட் கோட்டை இல்லை.

இப்போது உங்கள் ஒரு சதுர அடி. ஸ்காட்லாந்தில் பணம் கட்டி, பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டாலும் நிலம் உங்களுடையது ஆகாது. நிலப்பதிவேட்டில் பதியும்போதுதான் உரிமை மாறும். மண்ணும் கல்லும் செய்த வேலையை இன்று பதிவேடு செய்கிறது. 2012 நிலப்பதிவுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, நினைவுப்பரிசுத் துண்டு என்று ஒன்றை வரையறுத்து, அதைப் பதியவே கூடாது என்கிறது. அளவு அற்பமாகவோ, நடைமுறைப் பயன் இல்லாமலோ இருந்து, வெறும் உடைமை ஆசைக்காகவோ நினைவுக்காகவோ தவிர வேறெதற்கும் யாரும் தனியாகக் கேட்க மாட்டார்கள் என்றால், அது அந்த வகை. 1979 சட்டத்திலும் இதே தடை இருந்தது. காரணம் எளிது: லட்சக்கணக்கான சதுர அடிகளுக்கு வரைபடம் போட்டுப் பக்கம் ஒதுக்கினால் பதிவேடு என்னாவது? ஆக, உங்கள் துண்டுக்கு உரிமையாளர் இன்றும் விற்ற நிறுவனமோ அதற்கு நிலம் கொடுத்தவரோதான்.

உங்கள் கையில் எதுவுமே இல்லையா என்றால், அங்கேதான் உறுதி குறைகிறது. விற்பவர்கள், விற்ற நிறுவனத்தின்மீது உங்களுக்கு ஓர் ஒப்பந்த உரிமை இருக்கிறது, அதை 'ஒரு வகை உடைமை' என்று சொல்லலாம் என்று வாதிடுகிறார்கள். ஒப்பந்த உரிமை என்பது சரி. உடைமை என்ற சொல்லை அதற்கு மாட்டுவது என் பார்வையில் வார்த்தை ஜாலம். நிறுவனம் திவாலாகி நிலம் வேறொருவருக்குப் போனால் உங்கள் உரிமை அவரைக் கட்டுப்படுத்தும் என்று நான் எந்த வாடிக்கையாளருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன். இந்த விஷயத்தில் எனக்கு மரியாதை லாஃப்ராய்க் விஸ்கி ஆலைமீதுதான். 1994 முதல் இஸ்லே தீவில் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சதுர அடி கொடுக்கிறார்கள், ஆனால் ஆயுட்காலக் குத்தகை என்று சொல்லித்தான். ஆண்டு வாடகையை அவர்களே உங்களுக்குத் தருகிறார்கள்: நேரில் வந்தால் ஒரு மடக்கு விஸ்கி. யாரையும் லேர்ட் ஆக்குவதில்லை.

பாஸ்போர்ட், வங்கி. பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி 'லேர்ட்' என்பதைப் பெயரின் ஒரு பகுதியாகவே மாற்றிக்கொள்ளத் தடையில்லை. ஆனால் பாஸ்போர்ட் அலுவலகம், இது இவருடைய பெயர், பட்டம் அல்ல என்று ஒரு குறிப்பை அதிலேயே அச்சடிக்கும். பட்டம் வேண்டும் என்று போனவருக்குப் பட்டமில்லை என்று அரசாங்க முத்திரையோடு சான்றிதழ்! நீங்கள் இந்தியக் குடிமகன் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் எந்த வெளிநாட்டு அரசிடமிருந்தும் பட்டம் ஏற்கக் கூடாது என்கிறது. பயப்படாதீர்கள். உங்களுக்குக் கொடுத்தது அரசு அல்ல, ஓர் இணையக் கடை. கொடுத்ததும் பட்டம் அல்ல. வங்கிக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர் என்று ஆனால் அதைச் சரிசெய்ய நீங்கள் அலைகிற அலைச்சல் ஒரு சதுர அடிக்குத் தாங்காது.

நிஜ எஸ்டேட்டுகள் இன்று யாரிடம் இருக்கின்றன என்பது பட்டத்தைவிடச் சூடான விஷயம். தனியார் கையில் உள்ள கிராமப்புற நிலத்தில் பாதி, 432 உரிமையாளர்களிடம் இருக்கிறது என்ற கணக்கு 2012 வாக்கில் வந்து இன்றுவரை மேடைகளில் அடிபடுகிறது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தவர் பக்லூக் டியூக். இன்று அவரை மிஞ்சி நிற்பவர் ஆண்டர்ஸ் ஹோல்க் போவ்ல்சன், டென்மார்க்கின் துணி வியாபாரி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல். அவருக்கு ஸ்காட்டிஷ் பட்டம் எதுவும் கிடையாது. பக்லூக் எஸ்டேட் தன் லாங்கம் மேட்டில் 5,200 ஏக்கரை 2021-இல் 38 லட்சம் பவுண்டுக்கு அந்த ஊர் மக்களின் அமைப்புக்கே விற்றது, அடுத்த ஆண்டு இன்னொரு பெரும் துண்டையும். அதற்கு முன்னோடி எய்க் தீவு: லேர்டுகள் மாறி மாறி வந்து போன அந்தச் சிறு தீவை 1997 ஜூன் 12-ஆம் தேதி தீவு மக்களே சேர்ந்த அறக்கட்டளை எடுத்துக்கொண்டது.

மூன்றாவது கேள்வி மிச்சம். போய் நிற்கலாமா? நிற்கலாம். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய எந்தத் திறந்த நிலத்திலும் பொறுப்போடு நடந்து போகும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை தவிர. டியூக்கின் மேடானாலும் சரி, உங்கள் சதுர அடியானாலும் சரி. அந்த உரிமை சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் உண்டு, வைத்திருக்காத உங்கள் மைத்துனருக்கும் உண்டு.

வருவதென்றே முடிவானால், அந்தச் சதுர அடிக்குப் பதிலாக நான் ஓர் இடம் சொல்கிறேன். இன்வர்னஸுக்கு வடக்கே ஆல்னஸ் என்ற சிற்றூர். அதன் தலைக்குமேல் ஃபைரிஷ் குன்று, உச்சியில் தன்னந்தனியாக ஒரு கல் வாசல்: நடுவில் வளைவுகள், இரு பக்கமும் தூண்கள், பின்னால் கட்டடம் எதுவும் கிடையாது. கட்டியவர் ஹெக்டர் மன்ரோ, பக்கத்திலுள்ள நோவர் எஸ்டேட்டின் லேர்ட். மேலே சொன்ன பனி உருண்டை மன்ரோக்களின் கிளை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளின் தளபதியாக 1764-இல் பக்ஸாரில் வென்றவர், 1778-இல் புதுச்சேரியைப் பிடித்தவர். 1780-இல் பொள்ளிலூரில் சக தளபதி பெய்லியின் படையை ஹைதர் அலி நொறுக்கியபோது, கூப்பிடு தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கியவரும் அவர்தான். அடுத்த ஆண்டு டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஃபைரிஷ் குன்றின்மேல் நிற்பது அந்த நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயல் என்றே சொல்கிறார்கள். வேலையில்லாமல் தவித்த ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் அதைக் கட்டினார் என்பதும் சொல்வழக்கு. ஏற்றிய கற்களை இரவில் அவரே கீழே உருட்டிவிட்டு, மறுநாள் மறுபடி ஏற்றக் கூலி கொடுத்தார் என்பது அதற்கு மேல் வளர்ந்த கதை, அதை நான் நம்பவில்லை.

கீழே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. முதலில் பைன் மரக்காடு, பிறகு திறந்த மேடு. அவசரமில்லாமல் ஏறினால் ஒரு மணி நேரம். மேலே வாசலின் நடு வளைவுக்குள் நின்றால் கீழே கடலின் நீண்ட நாக்கு உள்ளே வந்திருப்பது தெரியும். காற்று பலமாக இருக்கும், காதை மூடுகிற தொப்பி கொண்டு வாருங்கள்.